திமிலும் தமிழும்

அந்தப் பெண்ணின் நோட்டைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. கரும்பலகையில் நான் எழுதியதை அச்சடித்தது போல எழுதியிருப்பாள். கோடு தாண்டாது, அடித்தல் திருத்தல் இருக்காது, புள்ளிகள் எல்லாம் எழுத்தின் உச்சியில் சரியாக உட்கார்ந்திருக்கும். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் அந்த நோட்டைத் தூக்கிப் பிடித்து, "பாருங்கடா, எழுத்துன்னா இப்படி இருக்கணும்" என்று வகுப்புக்கே காட்டியிருக்கிறேன்.

ஆகஸ்டில் ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அதே நோட்டை அவள் கையில் கொடுத்து, "மூணாவது வரிய வாசிம்மா" என்றேன். அவள் எழுதிய வரிதான். முதல் எழுத்தில் விரலை வைத்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. விரல் அடுத்த எழுத்துக்குப் போகவே இல்லை. கண் நிறைந்துவிட்டது. நான் நோட்டை மூடி, தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னேன்.

ஐந்து வருடமாக அவள் எழுத்தை வரைந்துகொண்டிருந்திருக்கிறாள். கோலம் போடுகிற கை அது. பார்த்ததைப் பார்த்தபடி வரைந்துவிடும். வாசிப்பு அதற்குள் இல்லை. அதை நான் கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆகிவிட்டது என்பது இன்னும் எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியில் தமிழ் பட்டதாரி ஆசிரியராக இருக்கிறேன். ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புக்கும் தமிழ் என்னுடையது. நான் சொல்வது 2024 ஜூனில் ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளைப் பற்றி. முப்பத்தொரு பேர். அதில் ஒன்பது பேருக்கு ஒரு பத்தியைத் திக்காமல் வாசிக்க வரவில்லை. நான்கு பேருக்குச் சொல்லே தடுமாற்றம்.

இந்தக் குழந்தைகளின் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். 2019-20இல் ஒன்றாம் வகுப்பு. மார்ச் 2020இல் பள்ளி மூடியாயிற்று. இரண்டாம் வகுப்பு முழுக்க வீட்டில். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளைத் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. அப்போது இவர்கள் மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி வருடம் போய்விட்டது. அந்த இழப்பைச் சரிசெய்ய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022 ஜூனில் வந்தது. ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு. அப்போது இவர்கள் நான்காம் வகுப்புக்குப் போய்விட்டார்கள். அடுத்த வருடம் நான்கு, ஐந்து வகுப்புகளுக்கும் அதை நீட்டித்தார்கள். இவர்களுக்குக் கடைசி ஒரு வருடம் மட்டும் கிடைத்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயது எதுவோ, அந்த வயதில் வகுப்பறையே இல்லாத பிள்ளைகள் இவர்கள். இல்லம் தேடிக் கல்வியில் எங்கள் ஊர்த் தன்னார்வலர் ஒருவர் மாரியம்மன் கோயில் திண்ணையில் சாயங்காலம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். அதற்குப் போனவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். ஆடு பிடித்துக் கட்ட வேண்டியவர்கள் போகவில்லை.

இதை நோய்த்தொற்று மட்டும் கொண்டுவந்த கேடு என்றும் சொல்லிவிட முடியாது. பிள்ளைகளின் கற்றல் நிலையைக் கணக்கெடுக்கிற அசர் அமைப்பு வீடு வீடாகப் போய் ஒரு சின்னச் சோதனை வைக்கிறது. எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை, அவ்வளவுதான். 2018இல் நாடு முழுக்க ஊர்ப்புறத்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் அந்த இரண்டாம் வகுப்புக் கதையை வாசித்தவர்கள் சுமார் 73 சதவீதம். 2022இல் அது 70க்கு வந்தது. அதாவது தொற்றுக்கு முன்பே நாலில் ஒரு பிள்ளை வாசிக்காமல் எட்டாம் வகுப்பு வரை வந்திருக்கிறது.

அந்த நாலில் ஒரு பிள்ளைக்கு நாம் வைத்திருக்கும் பெயர்களைப் பாருங்கள். முன்பு 'மெல்லக் கற்போர்' என்றோம். அது மனதைப் புண்படுத்துகிறது என்று 'மெல்ல மலர்வோர்' என்று மாற்றினோம். தொடக்க வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகளுக்கு அழகான பெயர் வைத்தார்கள். ஏழு வயதுக்கு அது பொருத்தமாகவும் இருந்தது. ஆனால் மீசை அரும்புகிற பையனிடம் போய் 'நீ அரும்பு' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முதலில் நானும் எல்லாரையும் போல ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைத்தான் எடுத்துக் கொடுத்தேன். அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும் இல்லையா? ஒரு பையன் அந்தப் புத்தகத்தை அறிவியல் புத்தகத்துக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு அட்டை தெரியக்கூடாது. மூன்றாம் நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. நான்காம் நாளும் வரவில்லை. நான் வீட்டுக்குப் போனேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். "வயித்து வலி டீச்சர்" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போதுதான் அம்மா சொல்லிய ஒன்று நினைவுக்கு வந்தது. 1991இல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. ராத்திரியில் விளக்கு வைத்துக்கொண்டு பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். வயல் வேலைக்கும் கல்குவாரி வேலைக்கும் போகிற பெண்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள்; புதுக்கோட்டை என்றாலே அந்தச் சைக்கிளைச் சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அம்மா அதில் தொண்டராக இருந்தார். "அம்பது வயசுப் பொம்பளைக்குப் போயி அணில், ஆடுன்னு சொல்லிக்குடுத்தா சிரிச்சுட்டு எந்திரிச்சுப் போயிரும்டி. அதுக்கு அது பேரு எழுதணும். பஸ்ஸு போர்டு படிக்கணும். கூலிக் கணக்கப் பாக்கணும். அத வச்சுத்தான் எழுத்தச் சொல்லணும்" என்பார்.

பதினோரு வயதுப் பையனும் அந்த அம்மாள் மாதிரிதான். அவன் தலையில் ஆயிரம் விஷயம் ஓடுகிறது. கண்ணுக்கும் எழுத்துக்கும்தான் பழக்கமில்லை. அவனுக்குக் கொடுக்கிற வாசகம் எழுத்தில் எளிதாக இருக்கலாம், சங்கதியில் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கக்கூடாது. இது தெரிந்த பிறகுதான் என்னுடைய வேலையே தொடங்கியது என்று சொல்வேன்.

சரி, இவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள்? தமிழில் 247 எழுத்து, அதனால் கஷ்டம் என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் ஒவ்வொருவராக உட்காரவைத்துப் பார்த்ததில், எழுத்தின் எண்ணிக்கை யாரையும் தடுக்கவில்லை. பெரும்பாலோருக்கு உயிரெழுத்து தெரியும், க ங ச தெரியும். தடுக்கி விழுகிற இடங்கள் மூன்று.

ஒன்று, கொம்பு. 'கா' என்றால் 'க' எழுதி, துணைக்கால் போடுகிறோம். ஒலிக்கிற வரிசையும் எழுதுகிற வரிசையும் ஒன்று. 'கெ' என்றால் கொம்பு முன்னால் வந்து நிற்கிறது, ஆனால் ஒலி பின்னால்தான் வருகிறது. 'கொ' இன்னும் மோசம்; முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால், நடுவில் எழுத்து. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகக் கூட்டிப் போகிற பிள்ளை, 'பொன்' என்பதைப் 'பெ' என்று தொடங்கி, அப்புறம் கால் எதிர்ப்படும்போது திகைத்து நிற்கிறது. கண் ஓர் எழுத்து முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். அந்தப் பழக்கத்தை யாராவது பொறுமையாக ஏற்படுத்திக் கொடுத்தால் ஒரு மாதத்தில் வந்துவிடும்.

இரண்டு, சொல்லின் நீளம். 'வந்தான்' வாசிப்பான். 'வந்துகொண்டிருந்தவர்களிடம்' என்றால் பாதியிலேயே முன்பாதி மறந்துபோகும். இதற்குப் பென்சிலால் சொல்லை நறுக்கிக் காட்டுவதுதான் வழி. வந்து, கொண்டிருந்த, வர்களிடம் என்று மூன்றாகக் கோடு போட்டுவிட்டால் வாசித்துவிடுகிறார்கள். இலக்கணத்தில் பிரிக்க வேண்டிய இடம் இது இல்லையே என்று யாராவது கேட்கலாம். நான் பிரிப்பது மூச்சுக்காக.

மூன்றாவதைத்தான் நான் நெடுநாள் கவனிக்கவே இல்லை. ஒரு பிள்ளை 'காற்று' என்ற சொல்லை எழுத்து எழுத்தாகக் கூட்டுகிறது. கா, ற், று. சரியாகத்தான் கூட்டுகிறது. கூட்டி வந்த சத்தத்துக்கும் அதன் வாயில் புழங்குகிற 'காத்து' என்ற சொல்லுக்கும் ஒட்டுறவே இல்லை. அதனால் சரியாக வாசித்தும் தான் வாசித்தது என்னவென்று தெரியாமல் என் முகத்தைப் பார்க்கிறது. கன்று என்று எழுதியிருக்கிறது, வீட்டில் அது கன்னுக்குட்டி. 'வைத்துக்கொண்டிருக்கிறார்கள்' என்று இருக்கிறது, வீட்டில் 'வச்சிருக்காங்க'. எழுத்து தெரிந்தால் போதும், அப்புறம் தாய்மொழிதானே, தானாக வந்துவிடும் என்று நினைக்கிறோம். அந்தப் பிள்ளைக்கு வீட்டு மொழி வேறு, புத்தக மொழி வேறு. நடுவில் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. பலகை போட்டுத்தான் தாண்ட வைக்க வேண்டும்.

பலகைக்காகத்தான் நான் தொழில்நுட்பத்தின் பக்கம் போனேன்.

எங்கள் பள்ளியில் ஒரு திறன் வகுப்பறை இருக்கிறது, சுவரில் பெரிய திரை. 2018இல் புதிய பாடப்புத்தகம் வந்ததிலிருந்து பாடத்துக்குப் பாடம் கியூஆர் குறியீடு இருக்கிறது. தட்டினால் காணொலி வரும். மணற்கேணி செயலியில் பாடங்கள் அழகாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பாடம் புரியாத பிள்ளைக்கு இவை எல்லாம் நன்றாக உதவும். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு ஒரு காணொலி என்ன செய்யும்? வாசிக்காமலேயே பாடத்தைப் புரியவைத்துவிடும். நல்லதுதான், ஆனால் நான் தேடியது அது இல்லை. திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கிற பிள்ளையின் கண் எழுத்தின் மேல் படுவதே இல்லை என்பதை நான் வகுப்பின் ஓரத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

கூகுளின் ரீட் அலாங் செயலியை என் போனில் போட்டு நான்கு பேருக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தேன். பிள்ளை உரக்க வாசிக்கும், அது கேட்டுக்கொண்டே இருக்கும், வாசித்த சொல் நிறம் மாறும், தெரியாத சொல்லைத் தொட்டால் சொல்லிக்கொடுக்கும். ஒரு விஷயத்தில் அது என்னைவிட நல்ல ஆசிரியர். அதற்கு அலுக்காது. ஒரே சொல்லைப் பத்து முறை தப்பாகச் சொன்னாலும் அதன் குரல் மாறாது, பக்கத்தில் இருந்து யாரும் சிரிக்கவும் மாட்டார்கள். அறிவியல் புத்தகத்துக்குள் ஒளித்து வாசித்தவன் போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்து வாசித்தான். வெட்கம் என்பது வாசிப்புக்கு எவ்வளவு பெரிய தடை என்று அப்போது எனக்கு இன்னும் நன்றாகப் புரிந்தது. ஆனால் கதைகள் சின்னப் பிள்ளைகளுக்கானவை. இரண்டு வாரத்தில் நட்சத்திரம் வாங்குகிற ஆசை தீர்ந்தது, "வேற இல்லையா டீச்சர்" என்றான்.

இன்னொன்று பாட்டு. அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் இருந்த பிரிஜ் கோத்தாரி 1996இல் ஒரு யோசனை சொன்னார். தொலைக்காட்சியில் சினிமாப் பாட்டு ஓடும்போது, பாடுகிற அதே மொழியில் வரிகளைக் கீழே ஓடவிடுங்கள்; பாடப்படுகிற சொல் நிறம் மாறட்டும். 1999இல் குஜராத்தி தூர்தர்ஷனில் பாட்டு நிகழ்ச்சியில் அதைச் செய்தும் காட்டினார்கள். எழுத்துப் பாதி தெரிந்தவர்கள் அதைப் பார்த்துப் பார்த்தே வாசிப்பில் முன்னேறுகிறார்கள் என்பது அவர் வாழ்நாள் வேலையாகவே ஆனது. இதில் இருக்கிற நுட்பம் எனக்கு மிகவும் பிடிக்கும். பாட்டு ஏற்கெனவே மனப்பாடம். அடுத்து என்ன சொல் வரும் என்று காதுக்குத் தெரியும். அதனால் கண்ணுக்கு அந்த எழுத்தைக் கண்டுபிடிக்கிற வேலை மட்டும்தான் மிச்சம். எங்கள் வகுப்பில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் வரிகளோடு இரண்டு பாட்டு ஓடும். அடுத்த திங்கட்கிழமை அதே வரிகளைத் தாளில் எழுதி, சொற்களை வெட்டிக் கலைத்துக் கொடுப்பேன். அடுக்க வேண்டும். பாட்டில் பாதி பேச்சுத்தமிழ், பாதி எழுத்துத்தமிழ். நான் சொன்ன வாய்க்காலுக்கு நடுவில் போட்ட கல் போல அது இருந்தது.

இனி அந்தப் பையனுக்கு வருகிறேன். அவன் வீட்டில் ஒரு காளை இருக்கிறது. எங்கள் பக்கத்தில் ஜல்லிக்கட்டுக் காளை என்றால் வீட்டில் இன்னொரு பிள்ளை என்றுதான் அர்த்தம். வயிற்று வலி என்று சொன்ன அன்றைக்கு, நான் புத்தகம் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காளையைப் பற்றிக் கேட்டேன். அரை மணி நேரம் பேசினான். பருத்திக்கொட்டை எவ்வளவு, புண்ணாக்கு எவ்வளவு, குளத்தில் எத்தனை சுற்று நீந்தவிட வேண்டும், மண்மேட்டில் கொம்பால் ஏன் குத்தப் பழக்க வேண்டும், வாடிவாசலில் விடும்போது காளையின் காதில் அவன் சித்தப்பா என்ன சொல்வார் என்பது வரை. வகுப்பில் இரண்டு மாதத்தில் அவன் பேசியதை எல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு இருக்காது.

அடுத்த நாள் வந்தான். என் போனில் குறிப்பு எழுதுகிற இடத்தைத் திறந்து, ஒலிவாங்கிப் படத்தைத் தட்டி, "நேத்து சொன்னத இதுகிட்டச் சொல்லு" என்று கொடுத்தேன். பேசினான். பேசப் பேச எழுத்து ஓடியது. தன் வாயிலிருந்து வந்தது எழுத்தாக ஊர்ந்து போவதை அவன் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. நடுவில் பேச்சை நிறுத்திவிட்டு, "இது நாஞ் சொன்னதா?" என்று கேட்டான். அதையும் அது எழுதிவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் அதைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து வைத்தேன். மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு முன்னால் அவனிடம் கொடுத்தேன். அவன் வாசிக்கத் தொடங்கினான். அவனுடைய சொற்கள், அவனுடைய காளை, அதனால் அடுத்தது என்ன வரும் என்று தெரியும். பாட்டு வரியில் நடந்ததுதான் இங்கேயும் நடந்தது. ஐந்தாவது வரியில் நின்றான். விரலை வைத்து அழுத்தினான்.

"டீச்சர், இது தப்பு."

"எது?"

"நான் திமிலுன்னு சொன்னேன். இது வேற என்னமோ எழுதிருக்கு."

'தமிழைப் பிடித்தால் மூன்று துள்ளு தாங்கணும்' என்று இருந்தது.

"எப்படிரா தப்புன்னு சொல்ற?"

"திமிலுன்னா தி வரணுமுல்ல? இது வெறும் த. அப்புறம் இங்க..." விரல் 'ழை' மேல் போய் நின்றது. "இது லை இல்ல. இது வாழைக்கு வர்றது."

ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்து இரண்டு நாள் போராடியபோது 'த'வுக்கும் 'தி'க்கும் வித்தியாசம் சொல்ல முடியாதவன் அவன். அந்தப் புத்தகத்தில் எது 'தி' என்பது அவனுக்கு ஒரு பொருட்டாக இருந்திருக்கவில்லை. இங்கே அவன் காளையின் திமிலை யாரோ தப்பாக எழுதியிருக்கிறார்கள். விடுவானா?

என் சிவப்புப் பேனாவை அவனிடம் கொடுத்தேன். இயந்திரம் செய்த பிழை எத்தனை இருக்கிறதோ அத்தனையையும் கண்டுபிடி என்றேன். புண்ணாக்கு 'புண் நாக்கு' ஆகியிருந்தது. முற்றுப்புள்ளி ஒன்றுகூட இல்லை. பேச்சில் அவன் மூச்சு விட்ட இடம் எல்லாம் தாளில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. எங்கே நிறுத்துவது என்று வாய்விட்டு வாசித்துப் பார்த்து, அவனே புள்ளி வைத்தான். பதினான்கு பிழை. இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளில் அந்த ஒரு பக்கத்தை அவன் எத்தனை முறை வாசித்திருப்பான் என்று எண்ணிப் பாருங்கள். நான் ஒரு முறைகூட 'வாசி' என்று சொல்லவில்லை.

குரலை எழுத்தாக்குகிற இயந்திரம் பிழையே இல்லாமல் எழுதியிருந்தால் எனக்கு இது கிடைத்திருக்காது. இதுவரை அவனுடைய தாளில் சிவப்பு மையால் திருத்தியவர்கள் எல்லாரும் அவனைவிடப் பெரியவர்கள். முதல் தடவையாக அவன் திருத்துகிற இடத்தில் உட்கார்ந்தான்.

அடுத்த கட்டத்தில்தான் பலகையைப் போட்டேன். அவன் பேசியதை அப்படியே ஒரு பக்கம், அதையே புத்தகத் தமிழில் எதிர்ப்பக்கம். 'வச்சுக்கிட்டிருக்கோம்' இடப்பக்கம், 'வைத்துக்கொண்டிருக்கிறோம்' வலப்பக்கம். மாற்றியது நானும் அவனும் சேர்ந்து. "காத்துன்னு சொல்றதத்தான் காற்றுன்னு எழுதுவாங்களா?" என்று அவன் கேட்டபோது, வகுப்பில் நன்றாக வாசிக்கிற இரண்டு பிள்ளைகள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களும் அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எட்டுப் பக்கத்தில் காளைப் புத்தகம் உருவானது. இடப்பக்கத்தைத் தப்பான தமிழ் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அது அவன் அப்பத்தா பேசுகிற தமிழ்.

புத்தகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லாப் பள்ளியையும் போல எங்கள் பள்ளியிலும் ஓர் இரும்பு பீரோ நிறையப் புத்தகம் இருக்கிறது, பூட்டோடு. கிழிந்தால், தொலைந்தால் கணக்குக் காட்ட வேண்டும் என்ற பயம். அந்தப் பயம் நியாயமில்லை என்று சொல்ல மாட்டேன். தலைமையாசிரியரிடம் பேசி, வருகிற கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டேன். வகுப்பின் இரண்டு சுவருக்கும் நடுவில் நைலான் கயிறு கட்டி, துணி காயப்போடுவது போலப் புத்தகங்களைத் தொங்கவிட்டோம். 2023இல் பள்ளிக்கல்வித் துறை தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் மெல்லிய புத்தகங்கள்தான் முதலில் தேய்ந்தன. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலையாகப் பிரித்திருக்கிறார்கள். பெயர் வைத்தவர்களை நான் மனதாரப் பாராட்டுவேன். 'நட' என்று போட்ட புத்தகத்தை எடுக்க எந்தப் பையனும் கூசுவதில்லை. மெலிந்த புத்தகம் என்பதும் முக்கியம். முழுப் புத்தகத்தை முடித்தேன் என்று சொல்கிற சுகம் இந்தப் பிள்ளைகளுக்கு அதுவரை கிடைத்ததே இல்லை. பிரதம் புக்ஸ் நடத்துகிற ஸ்டோரிவீவர் தளத்திலிருந்தும் தமிழ்க் கதைகளை இறக்கி அச்செடுப்பேன். அதில் உள்ளவற்றை யாரும் இலவசமாக அச்சடிக்கலாம், மாற்றி எழுதலாம். சில கதைகளின் நீளமான சொற்களை எங்கள் பிள்ளைகளுக்காக நறுக்கி எழுதியிருக்கிறேன்.

திரையில் வாசித்தால் போதாதா, எதற்கு அச்சு என்று உடன் வேலை பார்க்கிற சார் ஒருவர் கேட்டார். போனில் கதை திறந்திருக்கும்போது பிள்ளையின் கட்டை விரல் தள்ளிக்கொண்டே போகிறது. தாளில் விரல் ஒரு சொல்லின் மேல் நிற்கிறது. தடுமாறுகிற பிள்ளைக்கு அந்த நிற்றல் வேண்டும். தாளில் கோடு போடலாம், நறுக்கலாம், மடித்துச் சட்டைப் பையில் வைத்து வீட்டுக்கு எடுத்துப்போகலாம். காளைப் புத்தகம் அப்படித்தான் அவன் வீட்டுக்குப் போனது. போனைப் பேச்சைப் பிடிக்கவும், தனியாக வாசித்துப் பழகவும் வைத்துக்கொண்டேன். வாசிப்பு கடைசியில் தாளில்தான் நடந்தது.

எல்லாம் நன்றாகப் போனது என்று சொல்லிவிட முடியாது. ஒன்பது பேரில் ஒருவனைத் திருப்பூரில் வேலை பார்க்கிற பெற்றோர் பாதி வருடத்தில் கூட்டிப்போய்விட்டார்கள். அங்கே எந்த வகுப்பில் எந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறானோ என்ற நினைப்பு எனக்கு அடிக்கடி வரும். இன்னொருவனுக்குக் கண்பார்வைக் குறை என்பதே டிசம்பரில்தான் தெரிந்தது. கண்ணாடி போட்ட பிறகு அவனுக்கு நான் பெரிதாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அதை முதலில் பார்த்திருக்க வேண்டும். பதிவேடு, எமிஸ் என்கிற இணையப் பதிவு, தேர்வு வேலைகளுக்கு நடுவில் ஒரு பிள்ளையோடு பத்து நிமிடம் தனியாக உட்கார்வது என்பது எவ்வளவு கடினம் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். இந்தக் கல்வியாண்டில், 2025-26இல், ஆறு முதல் ஒன்பது வகுப்புகளுக்கென்று 'திறன்' திட்டத்தை அரசு கொண்டுவந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடிப்படை வாசிப்பு என்பது ஐந்தாம் வகுப்போடு முடிகிற விஷயம் என்ற எண்ணம் போய், பெரிய பிள்ளைகளுக்கும் அதற்கென்று நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் அவர்கள் கையில் என்ன வாசகம் இருக்கப்போகிறது என்பதில்தான் என் கவனம் எல்லாம்.

அந்தக் கோலக் கைக்காரப் பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவள் போனில் பேச மாட்டேன் என்றாள். பாட்டுக்கும் உதடுதான் அசையும். அவளை என்ன செய்வதென்றே தெரியாமல் இருந்தேன். காளைப் புத்தகம் மூன்று படி வேண்டியிருந்தது, பிரிண்டரில் மை தீர்ந்துவிட்டது. அவளிடம் கொடுத்து எழுதித் தரச் சொன்னேன். எழுத்துதான் அவளுடைய பலம் ஆயிற்றே. முதல் படியை ஒரே நாளில் முடித்துவிட்டாள், வழக்கம் போல வரைந்து. இரண்டாவது படியில் பாதியில் எழுந்து வந்து, "டீச்சர், இந்தக் கொம்பு எதோட சேரும்? முன்னாடி இருக்கிறதோடவா, பின்னாடி இருக்கிறதோடவா?" என்று கேட்டாள். அந்த வருடம் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. அந்தப் பையனையே அவளுக்கு வாசித்துக் காட்டச் சொன்னேன். அவன் வாசிக்க வாசிக்க அவள் மூன்றாவது படியை எழுதினாள். கை நின்று நின்று போனது.

இப்போது ஏழாம் வகுப்பில் இருக்கிறாள். சொற்களைக் கூட்டுகிறாள். பத்தி இன்னும் வரவில்லை. போன வெள்ளிக்கிழமை பாட்டு முடிந்ததும் என் மேசைக்கு வந்து, போனைக் கேட்டாள். சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் எடுத்துக்கொண்டு போனாள். திரும்பக் கொண்டுவந்து கொடுத்தபோது அதில் இரண்டே வரி இருந்தது. அவள் அப்பத்தாவுக்கு வெற்றிலை இடித்துக் கொடுப்பது அவள்தானாம்.

திங்கட்கிழமை அதைத் தாளில் எழுதி, இயந்திரத்தின் பிழைகளோடு அப்படியே, பென்சிலோடு அவள் முன்னால் வைத்தேன். 'அப்பத்தாவுக்கு பால் இல்ல' என்ற இடத்தில் விரல் நின்றது. வெகுநேரம் நின்றது. நான் வேறு நோட்டுத் திருத்துகிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். பிறகு, யாருக்கோ சொல்வது போல, "பால் இல்ல. பல்லு" என்றாள். துணைக்காலை அடித்தாள். 'ல்'லுக்குப் பக்கத்தில் இடம் போதவில்லை. 'லு'வை மேலே சின்னதாக எழுதினாள். அவள் நோட்டில் நான் பார்த்த முதல் அடித்தல் அது.